டுப்ரோவ்னிக்கில் வாடகை வீடு: அத்தையின் முழங்காலை வைத்து முடிவு செய்யுங்கள்

கேள்வி:

நாங்கள் கோவை. செப்டம்பர் கடைசியில் குரோஷியா போகிறோம். டுப்ரோவ்னிக்கில் ஐந்து இரவு தங்கல். நான், கணவர், 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே அத்தை. கணவரின் அம்மா, 69 வயது, முழங்கால் வலி உண்டு. அத்தை சுத்த சைவம், ஹோட்டல் சாப்பாடு ஆகாது. அதனால் சமையலறையோடு வீடாகவே எடுத்துவிடலாம் என்று தேடியதில் பழைய கோட்டைக்குள்ளேயே ஒன்று கிடைத்தது. படத்தில் அவ்வளவு அழகு. 'முக்கிய வீதியிலிருந்து 2 நிமிடம்' என்று போட்டிருக்கிறார்கள். முழுப் பணத்தையும் இப்போதே கட்டினால் வாடகையில் 15 சதவீதம் குறைப்பார்களாம், ஆனால் பிறகு ரத்து செய்தால் பணம் திரும்பாது. கட்டிவிடலாமா? அங்கே நம் சமையல் செய்ய முடியுமா? ஒரு நாள் மாண்டிநீக்ரோ போய்வர வேண்டும் என்று கணவருக்கு ஆசை. விளம்பரத்தின் படங்களை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

கட்டாதீர்கள். விசா கைக்கு வருமுன் திரும்பக் கிடைக்காத பணத்தைக் கட்டுவது தவறு, அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அத்தையின் முழங்கால்.

நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் அந்த வீடு பிரியெகோ தெருவுக்கும் மேலே, கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி இருக்கிறது. டுப்ரோவ்னிக் பழைய நகரத்தின் நில அமைப்பு தெரிந்தால் இதன் பொருள் புரியும். நடுவில் கிழக்கு மேற்காக ஓடும் ஸ்ட்ராடுன்தான் விளம்பரம் சொல்லும் முக்கிய வீதி, அது தட்டையான தெரு. தெற்கே பாறைமேல் ஓர் ஊர், வடக்கே மலையடிவாரத்தில் இன்னோர் ஊர் என்று இருந்ததை, இடையே கிடந்த தாழ்வான பகுதியைத் தூர்த்து ஒன்றாக்கினார்கள். அந்தத் தூர்த்த இடம்தான் ஸ்ட்ராடுன். அதிலிருந்து வடக்கே திரும்பும் ஒவ்வொரு சந்தும் நேராக மலையேறுகிறது. சந்து என்று சொல்கிறோமே தவிர, பாதிக்கு மேல் வெறும் கல்படிதான். பல இடங்களில் பிடித்து ஏறக் கம்பி கிடையாது. நூற்றாண்டுக் கணக்காக மிதிபட்ட சுண்ணாம்புக்கல், மழைத்துளி பட்டால் வழுக்கும். செப்டம்பர் கடைசியில் மழைக்கும் வாய்ப்பு உண்டு.

விளம்பரம் சொல்லும் 2 நிமிடம் பொய் இல்லை. தூரம் அவ்வளவுதான். முழங்கால் வலிக்காத ஒருவர் வெறுங்கையோடு ஏறினால் 2 நிமிடமே ஆகும். அத்தை ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து ஏறுகிறவர் என்றால் கணக்கு வேறு. அதோடு இந்தப் படிகளை ஒரு முறை ஏறினால் போதாது. காலையில் இறங்கி, மதியம் சாப்பிட ஏறி, மாலையில் மறுபடி இறங்கி, இரவு ஏற வேண்டும். சமையலுக்காகவே வீடு எடுக்கிறீர்கள், அதனால் மதியம் வீடு திரும்பாமல் தீராது.

ஏழாவது படத்தை ஒரு முறை பெரிதாக்கிப் பாருங்கள். சமையலறையின் கூரை ஒரு பக்கம் சாய்ந்து இறங்குகிறது. ஓரத்தில் இரும்புச் சுழல்படியின் மேல்நுனி தெரிகிறது. அதாவது படுக்கையறை மூன்றாம் மாடியில், சமையலறை அதற்கும் மேலே கூரைக்கு அடியில். இது அந்த ஊருக்குப் புதிதல்ல. 1667ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் நகரம் இடிந்து விழுந்து, கூடவே தீயும் பரவியது. பிறகு, அன்று தனி நாடாக இருந்த டுப்ரோவ்னிக் குடியரசு ஒரே மாதிரி வீடுகளாகத் திரும்பக் கட்டியபோது தரைத்தளத்தில் கடை, நடுவில் குடியிருப்பு, அடுப்பு மட்டும் கூரைக்குக் கீழே என்று வைத்தார்கள். தீப்பிடித்தாலும் கீழே பரவக் கூடாது என்ற கணக்கு. அன்றைக்கு நல்ல ஏற்பாடுதான். உங்கள் அத்தையோ தண்ணீர் குடிக்கக்கூட அந்த இரும்புப் படியில் ஏற வேண்டும். லிஃப்ட் பற்றி விளம்பரத்தில் ஒரு வார்த்தை இல்லை. கோட்டைக்குள் இருக்கும் வீடுகளில் அதை எதிர்பார்க்கவே முடியாது.

சாமான்களையும் யோசியுங்கள். கோட்டைக்குள் வண்டி போகாது. டாக்சி பிலே வாசலிலோ ப்ளோச்சே வாசலிலோ இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். அங்கிருந்து ஐந்து பேரின் பெட்டி, குக்கர், அரிசி எல்லாம் உங்கள் கையில். சக்கரப் பெட்டியைக் கல்தரையில் இழுத்தால் தெரு முழுக்கச் சத்தம் எழும்புகிறது, தூக்கிக்கொண்டு போங்கள் என்று நகராட்சியே பயணிகளைக் கேட்டுக்கொள்கிறது. அந்த வேண்டுகோள் நியாயமானது. 1991இல் கோட்டைக்குள் சுமார் 5,000 பேர் வசித்தார்கள். இன்று 1,500 பேர்கூட இல்லை. வீடுகள் ஒவ்வொன்றாகப் பயணிகளுக்கான தங்குமிடமாக மாறிவிட்டன. பழைய நகரத்தில் புதிதாக வாடகை உரிமம் கொடுப்பதில்லை என்று 2024இல் நகரமன்றம் முடிவெடுத்தது இதனால்தான். மிச்சம் இருக்கிற குடும்பங்கள் இரவில் தூங்க வேண்டாமா?

கோட்டைக்குள் தங்குவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. காலை ஆறரை மணிக்கு, கடைகள் திறக்குமுன், ஆளில்லாத ஸ்ட்ராடுனில் நடப்பது பெரிய அனுபவம். இளம் தம்பதி, தோள்பையோடு இரண்டு இரவு என்றால் போய் இருங்கள் என்பேன். உங்கள் குடும்பத்துக்கு அது ஒத்துவராது.

அப்படியானால் எங்கே? லாபாட் பாருங்கள். பழைய நகரத்துக்கு மேற்கே, பேருந்தில் கால் மணி நேரத் தூரம், நெரிசல் இருந்தால் சற்றுக் கூடும். அங்கே வண்டி போகாத, மரநிழல் விழும் நீண்ட நடைபாதை ஒன்று நேராகக் கடற்கரைக்குப் போகிறது. தட்டையான பாதை, இடையிடையே பெஞ்சு. நீங்கள் நாலு பேரும் எங்கே போனாலும் அத்தை தனியாகவே காலாற நடந்து கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பிள்ளைகள் குளிக்கக் கரையும் அங்கேயே. கூழாங்கல் கரை என்பதால் ரப்பர் செருப்பு எடுத்துப் போங்கள், சில இடங்களில் கடல்முள்ளியும் உண்டு. செப்டம்பர் கடைசியில் தண்ணீர் இன்னும் குளிக்கிற பதத்தில்தான் இருக்கும்.

ஒரே எச்சரிக்கை, லாபாட் முழுவதும் தட்டை அல்ல. பள்ளத்தாக்கின் நடு மட்டும்தான் சமம், இரு பக்கமும் வீடுகள் மேட்டில் அடுக்கடுக்காக ஏறுகின்றன. அதனால் பேட்டையின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டுக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். டாக்சி நிற்கும் இடத்திலிருந்து வீட்டு வாசல் வரை எத்தனை படி? வாசலிலிருந்து சமையலறை வரை எத்தனை படி? 'கொஞ்சம்தான்', 'சில படிகள்' என்று பதில் வந்தால் எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். நேர்மையான வீட்டுக்காரர் எண்ணிச் சொல்வார், படமும் அனுப்புவார். இருபதுக்கு மேல் போனால் அடுத்த வீட்டைப் பாருங்கள். தரைத்தளம் கிடைத்தால் விடாதீர்கள், கடல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

லாபாடில் அமையாவிட்டால் க்ரூஷ். துறைமுகப் பகுதி, அழகு கொஞ்சம் குறைவு, வாடகையும் பொதுவாகக் குறைவு. ஆனால் சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு க்ரூஷ் ஒரு வரம். ஊர்க்காரர்கள் காய் வாங்கும் சந்தை துறைமுகத்துக்கு எதிரிலேயே கூடுகிறது. பழைய நகரத்தில் குந்துலிச் சதுக்கத்திலும் காலைச் சந்தை உண்டு. அங்கே உலர்ந்த அத்தி, சர்க்கரையில் பாகுபோட்ட ஆரஞ்சுத் தோல், லாவெண்டர் பை என்று பயணிகளுக்கான சரக்கு அதிகம். க்ரூஷில் தக்காளி, கத்திரிக்காய், குடைமிளகாய், சுரைக்காய் வகைகள், உருளை, கட்டுக் கட்டாகக் கீரை எல்லாம் கிடைக்கும். ப்ளித்வா என்று விற்கிற பெரிய இலைக் கீரையை வாங்குங்கள். அந்த ஊரில் அதை உருளைக்கிழங்கோடு வேகவைத்து, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் விட்டுச் சாப்பிடுவார்கள். நமக்குக் கூட்டாக வைக்க அருமையான கீரை. காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குள் சந்தை கலைந்துவிடும். பக்கத்திலேயே மீன் சந்தை என்பதை அத்தையிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

இனி சமையலறை. அடுப்பின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். இது மிக முக்கியம். மின்சார அடுப்பு இரண்டு வகை. கண்ணாடித் தகட்டுக்குக் கீழே கம்பி சூடேறும் வகை என்றால் எந்தப் பாத்திரமும் ஆகும். இண்டக்‌ஷன் என்றால் நீங்கள் எடுத்துப்போகும் அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் வேண்டும். வீட்டில் குக்கரின் அடியில் ஃபிரிட்ஜ் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் தைரியமாக எடுத்துச் செல்லலாம். மூன்று லிட்டர் போதும், அதைக் கைப்பையில் வைக்காமல் விமானத்தில் ஏற்றும் பெட்டியில் வையுங்கள். மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட், ஆனால் பிளக் இரண்டு உருண்டைக் கம்பி. அடாப்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தாளிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாடகை வீடுகளில் புகை உணரும் கருவி இருக்கலாம். கடுகு வெடித்து மிளகாய் கருகினால் அது கத்த ஆரம்பிக்கும். சன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலே உள்ள விசிறியைப் போட்டுக்கொண்டு தாளியுங்கள். எண்ணெய் நிறைய வைத்துப் பொரிப்பது வேண்டாம், வாசனை திரைச்சீலையில் தங்கி, துப்புரவுக் கட்டணம் என்று முன்பணத்தில் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. ஒருவருக்காக மற்றவர்களும் திணறாமல், சாதம், குழம்பு, கீரை, தயிர் என்று எளிமையாக வைத்துக்கொண்டால் ஐந்து நாளும் ஓடிவிடும்.

அங்கே போய் வாங்க முடியாதவை துவரம்பருப்பு, புளி, நம் பொடிகள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி, சாம்பார்ப் பொடி, பெருங்காயம் எடுத்துப் போங்கள். நெய், பால் பவுடர், பால்கோவா வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது, சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், எனவே காய்ந்த பொடியாகக் கொண்டுபோங்கள். அரிசி, கொண்டைக்கடலை, மசூர் போன்ற பருப்பு, வெண்ணெய், பால் எல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். யோகுர்ட் என்று எழுதிய பாட்டிலில் மோர் போல ஊற்றிக் குடிக்கிற பதமே அதிகம். தயிர்சாதத்துக்குக் கெட்டியாக வேண்டுமென்றால் கிசெலோ ம்லியெகோ என்று எழுதிய டப்பாவை எடுங்கள். சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு அரைத்த ஐவார் ஒரு பாட்டில் வாங்கி வைத்தால் பிள்ளைகள் ரொட்டிக்குச் சட்னியாகத் தொட்டுக்கொள்வார்கள். குழாய்த் தண்ணீரையே தாராளமாகக் குடிக்கலாம்.

வெளியில் எங்கேயாவது சாப்பிட நேர்ந்தால் கவனம் வேண்டும். பேக்கரிகளில் புரெக் என்று சுருட்டிய பலகாரம் கமகமவென்று இருக்கும். அதில் பாலாடைக்கட்டி வைத்ததும் உண்டு, இறைச்சி வைத்ததும் உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அந்த ஊரின் பாரம்பரியச் சாப்பாடான ஸெலெனா மெனெஸ்ட்ரா பார்வைக்குக் கோசும் உருளையும் சேர்ந்த பச்சைக் கூட்டுத்தான். உள்ளே புகைபோட்ட இறைச்சி இருக்கும். 'காய்கறிதானே' என்று நினைத்து அத்தைக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

எந்தக் கிழமை போய் இறங்குகிறீர்கள் என்றும் பாருங்கள். 2023 ஜூலையிலிருந்து குரோஷியாவில் ஒரு கடை ஆண்டுக்கு 16 ஞாயிற்றுக்கிழமைகள் மட்டுமே திறக்கலாம். எந்த ஞாயிறு என்று கடைக்காரரே தேர்ந்தெடுப்பார். கோடையில் பெரும்பாலும் திறந்து வைத்துவிடுவதால் செப்டம்பர் கடைசியில் ஒதுக்கீடு தீர்ந்திருக்கலாம். ஞாயிறு மாலை போய்ச் சேர்ந்து, வீட்டில் ஒரு படி அரிசிகூட இல்லாமல் நிற்கக் கூடாது. ஒரு வேளைக்கான அரிசியும் பருப்பும் பெட்டியிலேயே இருக்கட்டும்.

பதிவு செய்யும் விதம் பற்றி. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில் ஒன்று. நாணயமும் அன்றிலிருந்து யூரோ. உங்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், அதற்குத் தங்குமிடச் சான்றும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். எனவே ரத்து செய்தால் பணம் திரும்பி வரும் பதிவாகவே எடுங்கள். 15 சதவீதத் தள்ளுபடியை மறந்துவிடுங்கள். விசா மறுக்கப்பட்டாலோ தாமதமானாலோ முழு வாடகையும் போய்விடும். உறுதிக் கடிதத்தில் ஐந்து பேரின் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள்.

'இணையதளத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பினால் இன்னும் குறைக்கிறேன்' என்று வாட்ஸ்அப்பில் யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். உரிமம் பெற்ற தனியார் தங்குமிடங்களின் வாசலில் நீலப் பலகை இருக்கும், நட்சத்திரக் குறியோடு. அந்தப் பலகையின் படம் கேட்டால் உண்மையான வீட்டுக்காரர் தயங்க மாட்டார். போய்ச் சேர்ந்ததும் உங்கள் பாஸ்போர்ட் விவரங்களைக் கேட்பார், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒவ்வொரு விருந்தாளியையும் அரசின் இணையப் பதிவேட்டில் ஏற்றுவது அவர்கள் கடமை. தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் சுற்றுலா வரி வாடகையில் சேர்ந்ததா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய நகரத்தை அத்தையும் நன்றாகவே பார்க்கலாம். காலை எட்டு மணிக்கெல்லாம் பிலே வாசலுக்குப் போய்விடுங்கள். பயணக் கப்பல்கள் வரும் நாட்களில் பத்து மணிக்கு மேல் நகரவே இடம் இருக்காது. மதில் சுற்று 1,940 மீட்டர், ஏற்றமும் இறக்கமும் நிறைய. அது உங்களுக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும். மேலிருந்து கூரைகளைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு ஒன்று காட்டுங்கள். ஓடுகளில் சில மங்கிய பழுப்பாகவும், பெரும்பாலானவை பளிச்சென்ற சிவப்பாகவும் இருக்கும். 1991, 92இல் யூகோஸ்லாவியப் படை நகரத்தை முற்றுகையிட்டபோது குண்டு விழுந்து உடைந்த கூரைகளுக்குப் புதிதாகப் போட்டவைதான் அந்தப் பளிச்சென்ற ஓடுகள். யாராவது ஒருவர் அத்தையோடு கீழே இருங்கள். பிரான்சிஸ்கன் மடத்தில் 1317இல் தொடங்கிய மருந்துக்கடை இருக்கிறது, அதன் முற்றத்தூண்களைப் பார்க்க ஏற வேண்டியதில்லை. பழைய துறைமுகத்தில் உட்கார இடமும் காற்றும் தாராளம். ஸர்ஜ் மலைக்குக் கேபிள் கார் போகிறது, 412 மீட்டர் உயரத்திலிருந்து நகரமும் தீவுகளும் தெரியும், அத்தைக்கு இதுவே போதும். ஆனால் அதன் கீழ்நிலையம் கோட்டைக்கு வடக்கே மேட்டுத் தெருவில். நடந்து ஏற வைக்காமல் டாக்சியில் கூட்டிப் போங்கள். காற்று பலமாக அடித்தால் கேபிள் கார் ஓடாது, முதல் நல்ல நாளிலேயே முடித்துவிடுங்கள். மதிலுக்கு டிக்கெட் எடுக்குமுன் டுப்ரோவ்னிக் பாஸ் விலையைப் பாருங்கள். மதில், அருங்காட்சியகங்கள், நகரப் பேருந்து மூன்றும் அதில் சேர்ந்திருக்கும்.

கடைசியாக, கணவரின் மாண்டிநீக்ரோ ஆசை. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் இந்தியர்களை மாண்டிநீக்ரோ உள்ளே விடுகிறது, போவதில் பிரச்சினை இல்லை. திரும்பி வருவதில்தான் சிக்கல். எல்லையைத் தாண்டிய உடனே நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியவர்கள். ஒரே முறை நுழைவதற்கான விசா என்றால், மாலையில் லாபாடில் அத்தை சாதம் வைத்துக் காத்திருக்க, நீங்கள் எல்லைச் சாவடியில் நிற்க வேண்டியதுதான். எனவே விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேளுங்கள், மாண்டிநீக்ரோ ஒருநாள் பயணத்தையும் பயணத் திட்டத்தில் எழுதிக் கொடுங்கள். ஸ்பிளிட் நகரத்திலிருந்து சாலை வழியாக டுப்ரோவ்னிக் வருவதாக இருந்தாலும் இதே கவனம் வேண்டும். பழைய கடற்கரைச் சாலை நேயும் என்ற இடத்தில் போஸ்னியாவுக்குள் புகுந்து வெளியே வருகிறது. 2022 ஜூலையில் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் வழியாக வந்தால் எல்லையே குறுக்கிடாது. பேருந்து டிக்கெட் எடுக்கும்போது எந்த வழி என்று கேட்டுவிட்டு எடுங்கள். விசா ஸ்டிக்கர் கைக்கு வந்ததும் நுழைவு எண்ணிக்கைக் கட்டத்தைப் பாருங்கள். அதில் 1 என்று இருந்தால் மாண்டிநீக்ரோவை விட்டுவிட்டு, பழைய துறைமுகத்திலிருந்து படகேறி லோக்ரும் தீவுக்குப் போங்கள். கால் மணி நேரத்துக்குள் தீவு வந்துவிடும், மயில்கள் திரிகின்றன, பிள்ளைகள் திரும்பி வரவே மாட்டேன் என்பார்கள். தீவில் இரவு தங்க அனுமதி இல்லை. இறங்கியதுமே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.